திருமதி ருட்ஸ்காவின் குரலைத் திரும்பத் தரக் கோரி

அனுப்புநர்:
அலோய்சி தோமாலா,
நகரப் பேருந்துப் பயணச்சீட்டுப் பரிசோதகர் (ஓய்வு),
லிபோவா தெரு, மூன்றாம் மாடி,
லிஸ்தோவெட்ஸ்.

பெறுநர்:
மாண்புமிகு நகரத் தலைவர் அவர்கள்,
நகர மன்ற அலுவலகம்,
லிஸ்தோவெட்ஸ்.

பொருள்: நகர நூலகத் திரைப்படக் கழகம் – மாதாந்திரக் காட்சி – நூலகப் படிகளில் மணல் தூவாதது – அதன் விளைவாக வாசிப்பாளர் திருமதி சலோமேயா ருட்ஸ்கா நிறுத்தப்பட்டது – அவரை மீண்டும் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

புகார் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். என் பணிக்காலம் முழுவதும் மற்றவர்கள்தான் என்மீது புகார் எழுதினார்கள். அவற்றுக்கெல்லாம் விளக்கம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் ஒரு புகார் எப்படி இருக்க வேண்டும் என்று ஓரளவு தெரியும். சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன். நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். சில மாதங்களாகப் பேச்சுத் துணை குறைவு.

1. நம் நூலகக் கூடத்தில் மாதந்தோறும் இரண்டாம் வியாழக்கிழமை மாலை திரைப்படக் கழகம் ஒரு படம் காட்டிவருகிறது. கண்ணாடி டம்ளரில் தேநீர், கசகசா கேக், படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்பது கழகத்தின் வழக்கம். ஒரு காலத்தில் உட்கார இடம் கிடைக்காமல் ஜன்னல் விளிம்பில் அமர்ந்து பார்த்தவர்கள் உண்டு. பிறகு இளையவர்கள் நார்வேக்கும் அயர்லாந்துக்கும் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டுக்கே பெரிய திரை வந்துவிட்டது. கடந்த குளிர்காலத்தில் பார்வையாளர் என்று நான் ஒருவன்தான் மிஞ்சினேன். படம் முடிந்ததும் நூலகர் திரு. ரெமிகியுஷ் ஹான்ஸ்லிக் என்னிடம் வந்து, "கலந்துரையாடல் வச்சுக்கலாமா ஐயா?" என்று கேட்பார். "வேண்டாம்" என்பேன். "அப்போ ஒருமனதா முடிஞ்சுது" என்று சொல்லி விளக்கைப் போடுவார். நல்ல பையன். அவர்மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை.

2. வெளிநாட்டுப் படங்களை நம் கழகத்தில் எப்படிப் பார்ப்போம் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் இம்மனு மேலிடத்துக்கும் போகக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன். திரையில் இத்தாலியரோ ஜப்பானியரோ தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். கூடத்தின் கடைசியில், ஜன்னலோர மேசையில், சிறிய விளக்கின் கீழ் ஒருவர் அமர்ந்து அத்தனை பேரின் பேச்சையும் போலிஷ் மொழியில் மைக்கில் வாசிப்பார். ஆண், பெண், குழந்தை, நீதிபதி, திருடன் எல்லோருக்கும் அந்த ஒரு குரல்தான். நடித்து வாசிக்கக் கூடாது. நடித்தால் நம் ஊரில் யாருக்கும் பிடிக்காது. திரையில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும், வாசிப்பவர் கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்பதுபோல் சொல்ல வேண்டும். மீதியை நாமே மனத்தில் போட்டுக்கொள்வோம்.

இதைச் செய்துவந்தவர் திருமதி ருட்ஸ்கா. முன்பு பள்ளியில் பிரெஞ்சு கற்பித்தவர் என்று கழகத்தின் சுவரொட்டியில் படித்திருக்கிறேன். அவர் விதியை மீறியதே இல்லை. ஆனால் கெட்ட செய்தி வருகிற வரிக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன மூச்சு எடுப்பார். மைக்கில் அது கேட்கும். கேட்டவுடன் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வேன். யாரோ சாகப்போகிறார்கள், அல்லது யாரோ யாரையோ விட்டுப் போகப்போகிறார்கள் என்று அர்த்தம்.

3. அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. வாசிப்பவரைத் திரும்பிப் பார்ப்பது மரியாதை அல்ல என்று வளர்ந்தவன் நான். நான் வருவதற்கு முன்பே அவர் மேசையில் இருப்பார். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே நான் கிளம்பிவிடுவேன். அவரைப் பற்றி நேரடியாக எனக்குத் தெரிந்தது அவருடைய கோட்டு மட்டும்தான். கீழே கோட்டு மாட்டும் அறையில் என் கோட்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் அது தொங்கும். பச்சை நிறம். ஒரு பொத்தான் மட்டும் பழுப்பு. எப்போதோ அறுந்து, கிடைத்ததை வைத்துத் தைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய அறையில், அத்தனை காலிக் கொக்கிகளுக்கு நடுவில், எங்கள் இரண்டு கோட்டுகள் மட்டும் தோளோடு தோள் ஒட்டித் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு மேலே போவது எனக்குப் பிடித்திருந்தது. இது புகாரைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் அடித்து நீக்க மனம் வரவில்லை.

4. இனி நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதக் காட்சி. ஒரு தீவைப் பற்றிய இத்தாலியப் படம். கடைசிக் கட்டத்தில் ஒரு மனிதன் தான் நேசித்த பெண்ணின் வீட்டிலிருந்து படகுத்துறைக்கு இறங்கிப் போகிறான். அவள் வாசலில் நிற்கிறாள். அவள் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. அப்போது அந்தச் சின்ன மூச்சு கேட்டது. வழக்கம்போல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு திருமதி ருட்ஸ்காவின் குரல், அதே வெங்காயக் குரல், இப்படிச் சொன்னது: "வெளிய படியெல்லாம் ஐஸ் பிடிச்சிருக்கு. கைப்பிடியப் பிடிச்சிட்டு மெதுவா இறங்குங்க."

அந்தப் பெண் சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். 'போகாதே' என்று கெஞ்சாமல், படி வழுக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாராவது என்னிடம் அப்படிச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்றும் நினைத்தேன். படம் முடிந்தது. கலந்துரையாடல் வேண்டாம் என்றேன். பின்னால் திரும்பிப் பார்க்காமல் கீழே வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடிக்காமல் வாசற்படியில் காலை வைத்தேன்.

5. காலுக்குக் கீழே படி இல்லை. விழுந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தாலியத் தீவில், மனிதர்கள் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு திரிகிற வெயிலில், ஐஸ் எங்கிருந்து வரும்? அந்த வரி படத்தில் இல்லை. வாசிப்பவரின் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் கீழே வாசற்படி. மாலையில் பெய்த மழை படியில் உறைந்துவிட்டதை அவர் பார்த்திருக்கிறார். கூடத்தில் இருந்த ஒரே ஆளிடம் சொல்லியிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6. வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த வழியாக வந்த பேருந்தை நிறுத்தி ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அடடே, செக்கர் ஐயாவா! படியிலயும் டிக்கெட் கேட்டீங்களா?" என்றார். ஆனாலும் அணைத்துத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, தன் தடத்தைவிட்டு விலகி, மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். அந்த அவசரத்தில் என் தொப்பி படியிலேயே விழுந்து கிடந்தது.

படிக்குப் பக்கத்தில், ஐஸ் வழுக்காமலிருக்கத் தூவுவதற்கென்று நகர மன்றம் வைத்த மஞ்சள் மணல் பெட்டி இருக்கிறது. அன்று அது மணல் நிறைந்து, பூட்டப்பட்டு இருந்தது. மணலை யாரோ திருடிவிடுவார்கள் என்று பூட்டியதாகப் பின்னர் அறிந்தேன். நம் ஊரில் மணல் திருடிப் பிழைக்கிறவர் யார் என்று கேட்க விரும்புகிறேன், பதில் அவசரமில்லை.

7. கையில் மாவுக்கட்டு இருந்ததாலும், காய்ச்சல் கண்டதாலும் பிப்ரவரிக் காட்சிக்கு என்னால் போக முடியவில்லை. மார்ச்சில் போனேன். அவரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, இம்முறை திரும்பிப் பார்ப்பதென்று முடிவும் செய்திருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தேன், இடது கையால். கோட்டு மாட்டும் அறையில் என் கொக்கியில் என் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது. மேலே ஜன்னலோர மேசையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். படம் ஓடியது. திரையின் கீழே எழுத்துகள் வந்தன.

8. திரு. ஹான்ஸ்லிக்கிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பிப்ரவரில ஒருத்தர்கூட வரல ஐயா. அறிவிச்ச காட்சிய ரத்து பண்ணக் கூடாதுன்னு விதி. படத்தப் போட்டுவிட்டேன். வாசிக்க வேணாம், வீட்டுக்குப் போங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். கேக்கல. 'லேட்டா வந்தாலும் வருவாரு'ன்னாங்க. வெறும் நாற்காலிகளுக்கு முழுப் படத்தையும் வாசிச்சாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. யாருமே வராத இடத்துக்கு வாசிக்க ஆள் எதுக்குன்னு மேல கேட்டாங்க. எழுத்து போதும்னு நானும் எழுதிக் குடுத்துட்டேன்."

தொப்பியைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? ஜனவரில படியில கெடந்துச்சுன்னு அவங்கதான் எடுத்து மாட்டினாங்க. 'இந்தத் தொப்பிக்காரர் பத்திரமா வீடு போய்ச் சேந்தாரா?'ன்னு கேட்டாங்க. தெரியலன்னேன். கடைசி நாள் போறப்பவும் அதையேதான் கேட்டாங்க."

9. ஆகவே, நடந்தவற்றின் வரிசையைத் தாங்கள் கவனிக்குமாறு வேண்டுகிறேன். மணல் தூவவில்லை, நான் விழுந்தேன். விழுந்ததால் வரவில்லை, நான் வராததால் கூடம் காலியாயிற்று. கூடம் காலியானதால் ஒரு மனிதக் குரல் தேவையில்லை என்று முடிவெடுக்கப்பட்டது. ஒரு பெட்டியின் பூட்டைத் திறந்திருந்தால் இன்று இம்மனுவே இருந்திருக்காது.

10. என் கண்களுக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. பார்வை மங்கல் என்று எழுதினால் மனு வலுவாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பொய் டிக்கெட்டை எத்தனையோ பேரிடம் பிடித்தவன், இந்த வயதில் நானே ஒன்றைக் காட்ட மாட்டேன். உண்மை வேறு. வீட்டில் எனக்கு எழுத்துக்குப் பஞ்சமில்லை. மின்கட்டண ரசீது வருகிறது, கடைகளின் தள்ளுபடி விளம்பரம் வருகிறது, படிக்கட்டைக் கழுவும் முறை யாருடையது என்ற அறிவிப்பு கதவில் ஒட்டப்படுகிறது. எல்லாம் எழுத்தாகத்தான் வருகின்றன. குரல்தான் வருவதில்லை. என் வேலை அப்படி. என்னைக் கண்டாலே மனிதர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை. மாதத்தில் ஒரு மாலை ஒரு மனிதக் குரல் எனக்காக நூறு பேராகப் பேசியது. எனக்குத் தனிமையாக இருக்கிறது, அம்மையீர். இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

11. திருமதி ருட்ஸ்காவின் முகவரியைத் திரு. ஹான்ஸ்லிக்கிடம் கேட்டேன். "அது தனிநபர் விவரம் ஐயா, குடுத்தா என் வேலை போயிரும்" என்று மறுத்துவிட்டார். சட்டம் சரிதான். அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

எனவே, கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்:

அ) மணல் பெட்டியின் பூட்டை அகற்ற வேண்டும்.

ஆ) திருமதி சலோமேயா ருட்ஸ்காவை மாதாந்திரக் காட்சியில் மீண்டும் வாசிக்க அமர்த்த வேண்டும். கூடத்தில் ஆள் வேண்டும் என்பது நிபந்தனையானால், மழையோ காய்ச்சலோ நான் வந்துவிடுகிறேன். நல்ல படத்துக்கு நிதி இல்லையென்றால் மோசமான படமாக இருந்தாலும் சரி. படமே இல்லையென்றால் பேருந்துக் கால அட்டவணையை வாசிக்கச் சொல்லுங்கள். அது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் கேட்பேன்.

இ) இவை இரண்டும் விதிகளின்படி இயலாது என்றால், தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் திருமதி ருட்ஸ்காவின் வீட்டுக்குச் சென்று, ஒரு செய்தியை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். கடிதமாக அனுப்ப வேண்டாம். நான் பத்திரமாக இருக்கிறேனா என்று இந்த ஊரில் ஒருவர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேரவே இரண்டு மாதம் ஆயிற்று. அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கக்கூடும். நடிக்காமல், வெங்காயம் கேட்கிற குரலில் சொன்னால் போதும். அவருக்குப் புரியும். சொல்ல வேண்டியது இதுதான்:

"தொப்பிக்காரர் வீடு வந்து சேந்துட்டாருங்க. நீங்க சொன்னது அவருக்குக் கேட்டுச்சாம்."

தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) அலோய்சி தோமாலா

இடம்: லிஸ்தோவெட்ஸ்
நாள்: ஏப்ரல் 14

குறிப்பு: மணிக்கட்டு இன்னும் முழுதாகச் சேராததால் கையொப்பம் கோணலாக இருக்கிறது. என்னுடையதுதான்.