கத்துஷாபேயின் தொப்பி

கிருஹுரா, உகாண்டா

அசீம்வேயின் அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் இருமல் நின்றதா? பையன் சாப்பிடுகிறானா? நான் நலம். மாடு உதைத்து முழங்கால் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கணவனை இழந்த கத்துஷாபேக்கு எங்கள் கால்நடைச் சங்கம் கறவை மாடு கொடுத்தது. பெண்கள் கறக்கக்கூடாது என்ற வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. கொழுந்தன் வந்து கறந்து, பாதியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவளுடைய பிள்ளைகள் மெலிந்தே கிடந்தார்கள். போன வாரம் அவள் கணவனின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு மடியில் கைவைத்துவிட்டாள். ஊரே கூடிக் கத்தியது.

"கறக்கிறது நானா? தொப்பி யாரோடதுன்னு நல்லாப் பாருங்க!" என்றாள்.

கூட்டம் கலைந்தது. கொழுந்தன் காலிக் குடத்தோடு திரும்பினான். இப்போது பிள்ளைகள் வயிறாரக் குடித்தது போக மிச்சத்தைப் பால் நிலையத்தில் விற்கிறாள். என்ன பெண் இவள்!

ஆசையாக நானும் கறக்கப் போனேன். அப்போதுதான் அந்த உதை.

"தொப்பி இல்லாம வந்தா உதைக்காம கொஞ்சுமா, டாக்டரம்மா?" என்று சிரித்தாள் கத்துஷாபே.

அதனால் உங்கள் பழைய தொப்பியைக் கொடுத்தனுப்புங்கள். வெயிலுக்கும் ஆகும். பஸ் கிளம்புகிறது, டிரைவர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார்.

தொப்பியைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள்
நின்சீமா