தேயிலையை விட்டுவிட்ட மசோதா

செவ்வாய், 4

விடியற்காலையிலிருந்து சாரல். முழங்கால் வலி. பால் தீர்ந்துவிட்டது.

நாளை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களை மாற்று வீடு தராமல் வெளியேற்றக் கூடாது என்ற மசோதா. நம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பதினோரு குடும்பங்களுக்கு நோட்டீஸ், மாதக் கடைசிக்குள் காலி செய்ய. எனக்கு இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியின் விதவை நான்; ஆயுள் முழுதும் இருக்கலாம் என்று தோட்டத் துரை கையெழுத்திட்ட கடிதம் உண்டு.

நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர், ஒய்.பி., இதுவரை செய்தவை:
கேள்விகள் – மூன்று. ஒன்று சாலைக் குழி பற்றி.
சொந்த மசோதா – ஒன்று. அலுவல் பட்டியலில் கடைசி. விவாதத்துக்கு வரவே இல்லை.
இந்த மசோதாவின் தேர்வுக் குழு – உறுப்பினர். வாயைத் திறந்தாரா? தெரியாது.
ஓட்டு – பார்ப்போம்.

புதன், 5

நிறைவேறியது. லயத்து லெட்சுமி, முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள், நோட்டீஸ் வந்தவர்களில் ஒருத்தி, மகள் கவிதாவோடு வந்தாள். கவிதாவின் கைப்பேசியில் பார்த்தோம். ஒய்.பி. ஆதரித்து ஓட்டு. லெட்சுமி கைதட்டினாள்.

கவிதா தட்டவில்லை. கடைசித் திருத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு மட்டும். தேயிலை பிறகு.

"பிறகுன்னா எப்ப, பாட்டி?"



லெட்சுமி: "ஓட்டு கேக்க வந்தப்ப மூணு கப் தேத்தண்ணி குடிச்சாருலா. அது எந்த மரத்துல காய்ச்சுதுன்னு நினைச்சாரு?"

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒய்.பி.க்குக் கடிதம். ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். கடுமையாக.

வியாழன், 6

ஆதாரமில்லாமல் கடிதம் அனுப்பக் கூடாது. தேர்வுக் குழுவின் அறிக்கையை பிரிஞ்சாங் டவுனில் அச்செடுத்து வந்தாள் கவிதா. எல்லாம் மலாய். அவள் படித்துச் சொன்னாள்.

இரண்டு கூட்டங்களிலும் ஒய்.பி. கேட்டிருக்கிறார்: தேயிலைத் தோட்டங்களிலிருந்து மனு வந்ததா? இரண்டு முறையும் பதில்: மலாயில் எதுவும் வரவில்லை. மனு இல்லாததால் தேயிலையைச் சேர்க்கவில்லை.

குழு மனுக்கள் கேட்டபோது பதினோரு குடும்பங்களுக்கும் எழுதியது நான். ஆங்கிலத்தில். கான்வெண்ட் சிஸ்டர்கள் மற்றப் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டிய கையெழுத்து. குழுவிடமிருந்து பதில் வந்தது: மலாயில் மறுபடி அனுப்பவும், பதினான்கு நாள் அவகாசம். கவிதா எழுதித் தருகிறேன் என்றாள். "சட்டம் போடுகிறவர்களுக்கு இந்த ஆங்கிலம் கூடவா புரியாது? ஒரு வரியும் மாற்ற மாட்டேன்" என்றேன். அந்தப் பதிலை மடித்து அலமாரியில் வைத்தேன். இன்னும் அங்கேதான்.

கவிதா தாள்களை அடுக்கினாள்.

ஒய்.பி.க்கு எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

வெள்ளி, 7

மழை. கவிதா வரவேண்டாம், காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஒய்.பி.யின் அலுவலகத்துக்குப் போன். மலாயில் இப்போது அனுப்பினால்? பணிவான பெண். "அனுப்புங்கம்மா, அடுத்த கூட்டத்தொடர்லதான் எடுப்பாங்க." அதற்குள் பதினோரு கதவும் பூட்டியிருக்கும்.

சனி, 8

மழை விட்டது. குடை இல்லாமல் லயத்துக்கு. லெட்சுமி வீட்டு முன் லோரி. லெம்பா பெர்த்தாமில் தம்பியின் காய்கறிப் பண்ணைக்குப் போகிறாள். பிளாஸ்டிக் கூரைக்குப் பக்கத்தில் ஒரு பலகை அறை.

சொன்னேன். மலாயில் கேட்டார்கள், நான் மறுத்தேன், அதனால்தான்.

"தெரியும் கிராணியம்மா. நீங்க மாட்டேன்னு சொன்ன அன்னிக்கே கவிதா வந்து சொல்லிட்டா."

"அப்ப ஏன் யாரும் எங்கிட்ட வரல?"

"பதினோரு வீடும் கூடிப் பேசுனோம். கிராணி வீட்டம்மா எழுதுனத மாத்தி எழுதச் சொல்லி யாரு போயி நிக்கிறது? மரியாதையா இருக்குமா? வேணாம்னு விட்டுட்டோம்லா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

லோரியில் ஏற்ற வெளியே வைத்திருந்த ஒரே நாற்காலியை இழுத்தாள், முந்தானையால் துடைத்து எனக்குப் போட்டாள். அவள் நின்றாள்.

உட்கார்ந்தேன்.