உட்கார்ந்து போட்ட ஓட்டு

சைதாப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நானும் லாவண்யாவும் நலம். நைரோபியில் சோறு கிடைக்கிறதா, உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று முதலில் சொல். மனசில் இருப்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் கடிதம். எழுதி முடித்ததும் லாவண்யா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

உன்னோடு நைரோபி போய்விட்டு முந்தாநாள் திரும்பிய சிந்து, நீ அங்கே அடித்த கூத்தை உங்கள் சங்கத்தில் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பல நாட்டு மக்கள் சங்கங்கள் சேர்ந்து ஏகாதிபத்திய எதிர்ப்புக் கூட்டணி தொடங்கும் நேரத்தில், சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்களாம். மண்டபமே எழுந்ததாம். நீ மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாயாமே! தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிற நீங்களெல்லாம், உங்கள் சங்கத்தில் சம்மதம் என்றால் உட்காருவீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீ எதிர்க்கிறாய் என்றே எழுதிக்கொண்டார்களாம். நீ விளக்கியதும் அத்தனை பேரும் உட்கார்ந்து கூட்டணியைத் தொடங்கினார்கள் என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமை தாங்கவில்லை, புஷ்பம்.

டீக்கடை சர்தார் பாய், இன்னா நைனா, எலக்‌ஷன் கூட்டணியா என்று கேட்டார். எங்கேயோ இருந்துகொண்டு நம் கூலியையும் நிலத்தையும் தண்ணீரையும் தீர்மானிக்கிற வல்லரசுகளை எதிர்க்கிற கூட்டணி என்றேன். அப்போ பெரிய சண்டைதான் என்று சொல்லி, டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டார்.

ஒரு வருஷம் அங்கேயே தங்கிக் கூட்டணியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று நேற்று சொன்னாய். நான் வெள்ளிக்கிழமை ப்ளேன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சரி, முடியாதென்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று நீயே போனை வைத்துவிட்டாய்.

உள்ளதைச் சொல்கிறேன், நீ இல்லாத ஒரு வருஷம் எனக்குப் பெரிசு. கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்கு லைட் பிடித்துவிட்டு வீடு திரும்பினால், உன் செருப்பில்லாத வாசலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் வைக்கிற ரசத்தைச் சாம்பார் என்கிறாள் உன் மகள்.

காலையில் அவள் நேராகவே கேட்டாள், அம்மா அங்கே இருக்கட்டுமா வேண்டாமா, சொல்லேம்பா என்று. உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன் மகளாயிற்றே, சட்டென்று புரிந்துகொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு. வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, என் தங்கமே.

இன்னும் உன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே,
உன் முருகையன்