கிணற்றுக்கொரு பெயர்

பேர்கன், நோர்வே
03.03.2024

அன்பின் நிசாந்தினி,

குளிரைத் தவிர எனக்கொரு குறையுமில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக உம்முடைய கிணற்றுப் பட்டியல் மின்னஞ்சலில் வரவில்லை. தீவுக் கிணறுகளின் சோதனை அளவுகளைக் கணினியில் ஏற்ற நான் எழுதித் தந்த நிரலில், அளவைப் போட்டுவைக்கக் கிணற்றுக்கொரு தனி மாறி, தனிப் பெயர். புதுக் கிணறு வந்தால் நான் ஒரு வரி சேர்க்காமல் அது உள்ளே போகாது. பிறகெப்படி வேலை நடக்கிறது?

உம்முடைய அலுவலகத்துக்குச் சுதாகரன் என்றொருவர் வந்திருக்கிறாராம். அவருடைய கதிரை உமக்குப் பக்கத்தில்தானாம். என் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

கோபிசங்கர்

வேலணை
07.03.2024

அன்பு அத்தானுக்கு,

உங்கள் எரிச்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

தை மாதம் அனலைதீவில் ஆறு புதுக் கிணறுகள் என்று எழுதினேன். ஒன்பது நாள் கழித்துத்தான் உங்கள் வரி வந்தது. ஏற்றிப் பார்த்தால் ஒரு கிணற்றில் உரக்கழிவு கணக்கில்லாமல் கலந்திருக்கிறது. வாயில் வைத்தால் தெரியாது. அந்த ஒன்பது நாளும் பவதாரணி என்றொரு தாய் அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்தாள்.

இப்போது தனித்தனி மாறிகள் இல்லை. எல்லாக் கிணறும் அகராதி என்ற ஒரே பட்டியலுக்குள். கிணற்றின் பெயர்தான் சாவி, அளவுகள் தாமாகவே அதனடியில் போய்ச் சேரும். நூறு கிணறு வந்தாலும் புது வரி தேவையில்லை.

அன்புடன்
நிசா

பேர்கன்
08.03.2024

நிசாந்தினி,

அகராதி என்ன பெரிய வித்தையோ? எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் தனித்தனிப் பெயர் வைத்தேன். கலியாணம் முடிந்து ஒரு மாதம் கழிய, ஐந்தாம் கிழமை விமானம் ஏறியவன் நான். ஒவ்வொரு கிணறு வரும்போதும் எனக்கு நீர் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று வருடத்தில் நூற்றுப் பதினான்கு கடிதம் வந்தது. அதை அந்தச் சுதாகரன் வந்து ஒரே நாளில் பிடுங்கிவிட்டான். பொறாமைதான், மறைக்கவில்லை.

அந்த ஆள் உம்முடைய கணினியைத் தொடக்கூடாது. பழைய நிரலையே போடும். இனி அன்றன்றே வரி அனுப்புகிறேன்.

கோபி

வேலணை
15.03.2024

அத்தான்,

சுதாகரன் அண்ணைக்கு ஐம்பத்தாறு வயது. படகில் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்து வருபவர். "பிள்ளை, உந்தக் கணினிப் பெட்டியைத் தொட எனக்குப் பயம். நான் தண்ணியை மொண்டு தாறன், மிச்சத்தை நீ பார்" என்பார்.

அகராதியை எழுதியது நான். மண்கும்பான் பஸ்ஸில் கைப்பேசியைப் பார்த்துப் படித்தேன். யார் எழுதியது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

பழைய முறை பிழையென்று ஒரு வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். உங்கள் பதில் வருமே என்று நானும் மாற்றாமல் இருந்தேன். அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது. அந்தத் தண்ணீரால் உடம்பெல்லாம் நீலம் பாரித்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தையைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க ஏலவில்லை. பிழைத்துவிட்டாள். அதையும் நீங்கள் கேட்கவில்லை.

பழைய நிரலை அழித்துவிட்டேன்.

எனக்கும் பொறாமை உண்டு, அத்தான். நூற்றுப் பதினான்கு பதிலையும் நேற்று எடுத்து வாசித்தேன். எல்லாவற்றிலும் கிணற்றைத்தான் விசாரித்திருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒன்றிலாவது கேட்டிருக்கிறீர்களா?

இனி எழுதுவதென்றால் என்னைக் கேட்டு எழுதுங்கோ. இல்லாவிட்டால் எழுதவேண்டாம்.

நிசாந்தினி