சரிபார்த்துக் கொடுத்த கியூஆர்

செப்டெம்பர் 11, வியாழன்

காலையில் மின்சாரம் போய்ப் பத்தரைக்குத்தான் வந்தது. அதற்குள் கடை வாசலில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி.

பிறகு புனிதம் அக்கா வந்தார். மகள் நிதர்சனா சுவிஸில் நிறைமாதமாக இருக்கிறாள். அக்கா ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பறக்கிறார். இதுவரை முல்லைத்தீவை விட்டுத் தனியாகப் போனது வவுனியா ஆஸ்பத்திரிக்கு மட்டும். மருமகன் நிறோஜன் அங்கிருந்தே, அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் ஈசிம் ஒன்று வாங்கி, அதன் கியூஆர் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். சூரிச்சில் இறங்கியதும் அக்கா மெசேஜ் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் கூட்டிப்போக வருவார், நிதர்சனாவைத் தனியே விட்டுவிட்டு வந்து காத்திருக்க முடியாதாம்.

"தம்பி, போனுக்குள்ள இருக்கிற படத்தை அந்தப் போனே எப்பிடிப் பாக்கிறது? ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ."

கலரில் அடித்தேன். கடல்காற்றுக்குப் பழுதாகிவிடும் என்று லமினேற்றும் செய்தேன். கொடுப்பதற்கு முன் என் போனால் ஒருமுறை சரிபார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. இந்த ஊரில் வேறு எந்தக் கொம்யூனிக்கேசன் கடைக்காரன் சரிபார்த்துக் கொடுக்கிறான்?

செப்டெம்பர் 12, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் அக்கா அட்டையோடு படியில் நிற்கிறார். அவருடைய போனில் போட்டுப் பார்த்தேன். 'இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது.'

போனைக் குறை சொன்னேன். பிறகு டவரை. பிறகு கம்பனியை. "வெள்ளைக்காரன் அவசரத்தில பழசைக் குடுத்திட்டான் அக்கா, நாளைக்குப் பாப்பம்" என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போனபின் என் போனைத் திறந்தேன். என் சிம்முக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஐரோப்பா, 15 ஜிபி, 30 நாள். நேற்று 'சேர்க்கவா' என்று கேட்டிருக்கிறது, நானும் ஓம் என்று அமத்தியிருக்கிறேன்.

மனைவி றாபியாவிடம் சொன்னேன். "உங்கட கை சும்மா இராது. போன மாசமும் அயன் பொக்ஸைத் திருத்துறன் எண்டு—" அதை இங்கே எழுதத் தேவையில்லை.

செப்டெம்பர் 13, சனி

காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து நான் கடை திறந்த அன்று முதலில் படியேறியவர் இவர்தான். ஒரு மருந்துச் சிட்டையைக் கொப்பி எடுத்தார். அது அவருக்குத் தேவைப்படாத கொப்பி என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் இரண்டாம் நாளும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"என்ர போனில இருக்கிறதை அழிச்சுப்போட்டுத் திரும்ப எடுக்க ஏலாது அக்கா. புதுசு வாங்க என்னட்ட கிரெடிட் காட்டும் இல்லை. வாங்கினவர் கேட்டால்தான் கம்பனி மாத்திக் குடுக்கும். மருமகனிட்ட ஒரு சொல்லு—"

"மருமகனிட்ட மூச்சும் விடக்கூடாது."

விஷயம் இதுதான். வவுனியாவில் இருக்கும் சம்பந்தி, நிறோஜனின் தாய் கலிஸ்ராவுக்கும் விசா கிடைத்திருக்கிறது. இரண்டு தரம் சுவிஸ் போய் வந்தவர், ஆங்கிலமும் பேசுவார். 'மாமிக்குத் தனிய வரத் தெரியாது, அம்மாவே வரட்டும்' என்று நிறோஜன் சொல்ல, நிதர்சனா அழுது அடம்பிடித்துத்தான் அக்காவுக்கு டிக்கெட் போட வைத்திருக்கிறாள். அக்காவோ வியாழனே, 'ஈசிம் எல்லாம் நானே போட்டிட்டன்' என்று மருமகனுக்குச் சொல்லிவிட்டார்.

"இதுவும் தெரியாத மனுசி எண்டு டிக்கெட்டை மாத்தினா? என்ர பிள்ளை என்னைத்தான் தம்பி கேட்டவள்."

அக்கா அழுதார். அவர் கணவர் பேதுரு அண்ணன் வலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் போனையே கொடுத்துவிட்டேன். என் சிம் பட்டன் போனுக்கு மாறியது. அக்காவின் போன் அண்ணனுக்கு. என் வாட்ஸப் கடைக் கணினியிலும் திறந்திருக்கிறது, நான் அதில் பார்த்துக்கொள்வேன். நான் கொடுத்த போனில் இருக்கும் என் வாட்ஸப்பிலேயே அக்கா எல்லாரோடும் பேசலாம். மருமகனுக்கு ஒன்றும் தெரியவராது. ஓட்டையே இல்லாத திட்டம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

அக்கா புறப்பட்டார். லமினேற் அட்டையையும் கைப்பையில் வைத்திருக்கிறார். அது இனி ஒன்றுக்கும் ஆகாது.

செப்டெம்பர் 15, திங்கள்

பேதுரு அண்ணன் கடலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து என் கடைக் கதிரையில்தான். இரண்டு மணிக்கு விமானம் இறங்கவேண்டும். இரண்டரை. மூன்று. கணினியில் ஒன்றும் இல்லை.

"தம்பி, சரிபாத்துத்தானே குடுத்தனீங்கள்?"

ரோமிங்கைப் போடச் சொல்லிக் கொடுத்தேனா? கொடுத்தனான். கொடுத்தனானா? யா அல்லாஹ், அந்த மனுசி பாசை தெரியாத ஊரில எந்த வாசலில நிக்குதோ—

மூன்றே முக்காலுக்கு என் கடை வாடிக்கையாளர் குறூப்பில் ஒரு குரல்: "இஞ்சேருங்கோ, நான் இறங்கிட்டன். பெட்டி வந்திட்டுது. பத்தியச் சரக்குத்தூள் கொட்டுப்படேல்லை. கோழிக்குத் தீன் வையுங்கோ."

இருநூற்றுப் பதினான்கு பேரும் கேட்டார்கள். அடுத்த நிமிடம் நிறோஜனுக்கும் ஒரு மெசேஜ் போனதைக் கணினியில் கண்டேன். ஒருவர் ரீலோட் காட் இருக்கிறதா என்று பதில் போட்டார். பேதுரு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழிக்குத் தீன் வைக்கப் போனார்.

ஒக்டோபர் 2, வியாழன்

கடை திறக்க முன்னரே றாபியாவின் அழைப்பு. "குறூப்பில போட்டிருக்கிற பிள்ளை ஆருடையது?"

கணினியைத் திறந்தேன். என் பெயரில், என் முகப்புப் படத்தோடு, துணியில் சுற்றிய ஒரு சிவந்த குழந்தை. 'பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.' கீழே எனக்கு எண்பது வாழ்த்து. என் மாமனாரும் வாழ்த்தியிருந்தார், ஒரு கேள்விக்குறியோடு.

பேதுரு அண்ணன் படத்தைப் பெரிதாக அடித்துத் தரச் சொன்னார். லமினேற்றும் செய்தேன். மகிழ்ச்சியாக இருந்தது, என் பேத்தி மாதிரி. எனக்கு நாற்பத்தொரு வயது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நாளையோடு ஈசிம்மின் முப்பது நாள் முடிகிறது. அக்காவின் செய்திகளை நான் கணினியில் திறப்பதில்லை. ஆனால் இன்று கடை ஈமெயிலுக்கே நிறோஜனிடமிருந்து வந்தது 'பைறூஸ் நானா' என்று தொடங்கியது.

'இது உங்களுக்கு மட்டும், மாமி பாக்காமல் இருக்க ஈமெயிலில போடுறன். இறங்கின அண்டைக்கே மாமி எனக்குப் போட்ட மெசேஜ் பைறூஸ் கொம்யூனிக்கேசன் எண்ட பேரிலதான் வந்தது. அப்பவே விளங்கிட்டுது. அம்மாவுக்கு நான் சொல்லேல்லை. மாமிக்கும் நீங்கள் சொல்லவேண்டாம். பிள்ளை மாமியின்ர கையிலதான் நித்திரை கொள்ளுது, அவா இன்னும் ரெண்டு மாசம் நிக்கட்டும். புதுக் கியூஆர் கீழ இருக்கு, மாமிக்கும் குடுத்திட்டன். மாமி தானே போடுறாவாம். தயவுசெய்து நீங்கள் சரிபாக்க வேண்டாம்.'

ஓட்டையே இல்லாத திட்டம்.

கியூஆர் திரையில் ஒரு மணிநேரம் கிடந்தது. போட்டோக்கொப்பிக்கு வந்தவர்களைப் பிறகு வரச் சொன்னேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு அக்காவின் குரல் வந்தது, இந்த முறையும் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும்: "தம்பி, நானே போட்டிட்டன்."