ஆமையைப் பார்க்காத கண்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். படகு எதுவும் இறங்கவில்லை. பழவேற்காடு கடையில் வாங்க: டயாபர், டெட்டால், பால்.

மூளையில் ரத்தம் கட்டி வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து ஏழு மாதம். பேச்சு இல்லை, கை கால் இல்லை. கண் மட்டும் அசைகிறது. மீஞ்சூரிலிருந்து வரும் பிசியோ பெண் தேவி இன்று வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டாள். உள்ளே கடல், படகு, ஒரு கதை. ஆமை வரும்; அதையே பார்த்தால் கதை நகரும். மூன்று தடவைக்குள் நகர்த்தினால் கண்ணால் பேசுகிற கருவி எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

ஆமை வந்தது, போனது. இவர் பார்க்கவே இல்லை.

கொழுந்தன் சேகர், கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு: "கண்ணுதான் தொறந்துகீது அண்ணி. உள்ள ஆளு இல்ல."

வாயை மூடு என்றேன். எனக்கும் அந்தப் பயம்தான்.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. கூரை ஒழுகல், இரண்டு வாளி. இரண்டாம் தடவையும் ஒன்றும் இல்லை.

"கவனம் நிக்கல அக்கா." தேவிக்கே முகம் செத்துவிட்டது.

இவர் பார்க்கிற இடம் அவள் போனில் சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. ஆமையை விட்டுவிட்டு, தூரத்துக் கரையில் ஒரு உயரமான தண்ணீர்த் தொட்டி, ஒரு பனை. மறுபடி தொட்டி, மறுபடி பனை.

சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. நானெல்லாம் ஒரு மீன்காரன் பெண்டாட்டி! கடலில் நிற்கிறவன் ஆமையையா பார்ப்பான்? கரையில் இரண்டு அடையாளம் பிடித்து, எங்கே நிற்கிறோம் என்றுதானே பார்ப்பான். இவர் இடம் பிடிக்கிறார். ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். தேவிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது. தேவி, கண்ணாடிக்குள் வரும் படத்தில் தொட்டி மேல் 'ஆமா', பனை மேல் 'இல்ல' என்று வைத்து எடுத்து வந்தாள். இவர் காதருகே சொல்லியும் கொடுத்தாள்.

"இவங்க உங்க சம்சாரமா அண்ணா?" தொட்டி.

"உங்க பேரு கோவிந்தனா?" பனை. சரிதான், இவர் பேர் அது இல்லையே!

சேகர் போனில் புள்ளியை எட்டிப் பார்த்தான். நான் சத்தமாகச் சிரித்தேன். கருவி உங்களுக்குத்தான் அக்கா என்றாள் தேவி.

"எங்கனா வலிக்குதா அண்ணா?" தொட்டி.

"இன்னிக்கு மட்டுமா?" பனை.

தேவி என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக: "அக்கா தூக்குறப்பவா?"

தொட்டி. புள்ளி அங்கேயே நின்றது.

உணர்ச்சி இருக்காது என்று நினைத்துக்கொண்டு, அக்குளில் கை கொடுத்து மூட்டை மாதிரி இழுத்திருக்கிறேன். குளிப்பாட்ட, துணி மாற்ற, புரட்டிப் போட. ஏழு மாதம். அவசரத்தில் திட்டிக்கொண்டும் இழுத்திருக்கிறேன்.

மணி ஆறு. திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. இவர் என்னையே பார்க்கிறார். கை போக மாட்டேன் என்கிறது.