ஸ்தோத்திரத்தோடு நின்ற செய்தி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாடியில் ஒரு கையில் குடை, மறு கையில் ஸ்பேனர். ஆன்டெனாவை நிமிர்த்தியாயிற்று. இடுப்புதான் நிமிரவில்லை.

ரேடியோப் பெட்டி மொத்தம் மூன்று. பாபநாசத்துக்கு மேலே, அக்கா வீட்டுக் கூரையில் ஒன்று. சேரன்மாதேவி சர்ச் கோபுரத்தில் ஒன்று (உபதேசியார் தயவு). பாளையங்கோட்டையில் என் மாடியில் ஒன்று. சிம் வேண்டாம், டவர் வேண்டாம். ஒன்று சொன்னதை அடுத்தது வாங்கிச் சொல்லும். இனி வீட்டு நெட்டோடு கோக்கணும். கோத்தால் அக்கா தன் போனிலிருந்து பெட்டிக்கு எழுதுவது ஆபீசில் என் போனுக்கே வரும்.

அவள் ஊரில் எந்த போனுக்கும் சிக்னல் எடுக்காது. டீச்சர் வேலையில் ரிட்டையராகி நாலு வருஷம். எங்களோடு வந்து இரு என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால்தான் இந்தப் பாடெல்லாம்.

அக்டோபர் 15, புதன்

இணைத்தாயிற்று. பழைய லேப்டாப், வீட்டு வைஃபை, நானே எழுதிய சின்ன புரோகிராம். பதினொன்றரைக்கு ஆபீசில் போன் அதிர்ந்தது. "அன்புள்ள தம்பிக்கு ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்களும்". அடுத்த துண்டு: "சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கன நல்ல மழை."

கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டார். "என்னவே, யாரும் தவறிட்டாவளா?"

ஒரு சிக்கல். ஒரு தடவைக்கு எண்பது எழுத்துதான் போகும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. மிஞ்சினால் பெட்டியே இரண்டாக வெட்டி அனுப்பும். ஸ்தோத்திரத்துக்கே ஒரு துண்டு காலி. சுருக்கமாக எழுது என்றேன். "ஸ்தோத்திரம் சொல்லாம ஆரம்பிக்க நான் என்ன மாடாலே?" இதையும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் கேட்டிருந்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒரே செய்தி இரண்டு தரம், மூன்று தரம் வருகிறது. ஜெபா போனுக்கும் போகும்படி வைத்திருந்தேன், அது தப்பு. "ஒங்க அக்கா சொன்னதையே சொல்லுதாவ. எனக்கு அடுப்புல வேல இருக்கு," என்றாள். கட்டிய மனைவி சொன்னால் கேட்கணுமே.

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். அனுப்பிய அதே ஆள் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அனுப்பினால் அதைத் தள்ளிவிடும். ஐந்து நிமிட வேலை. வீடு அமைதி. ஆபீஸ், வீடு, மாடி என்று அலுத்துவிட்டது. சீக்கிரம் படுக்கை.

அக்டோபர் 21, செவ்வாய்

நல்ல மழை. ஆறு கலங்கலாகப் போகிறது.

வாங்க: இன்சுலேஷன் டேப், ஜெபாவுக்குத் தைலம், பல்பு 1.

அக்காவிடமிருந்து தினமும் வருகிறது. ஸ்தோத்திரம், கிருபை, நான் சுகம், நீங்களும். அத்தோடு நிற்கும். மீதி தெரிந்ததுதானே, ஜெபிக்கிறேன் என்பாள். இன்று பதில் போட்டேன்: "சந்தோஷம் அக்கா. அங்கேயே சுகமாக இரு."

அக்டோபர் 22, புதன்

அக்காவிடமிருந்து இரண்டே வார்த்தை. "சரி தம்பி." ஸ்தோத்திரம் இல்லை! கடைசியில் சுருக்கக் கற்றுக்கொண்டாள். ஜெபாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அக்டோபர் 25, சனி

மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. மழையில் பெட்டி போயிருக்கும் என்று நினைத்து லேப்டாப்பைத் திறந்தேன். பெட்டிகள் மூன்றும் நன்றாக இருக்கின்றன.

தள்ளிவிட்டவை என்று ஒரு பட்டியல் இருந்தது. பாதி, திரும்ப வந்தவை. மீதி, அக்காவின் இரண்டாம் துண்டுகள். என் புரோகிராம் தள்ளியவை.

18: "சுகமா? படி ஏறினா மூச்சு முட்டுது."
19: "சுகமா? நேத்து சொன்னதுக்குப் பதில் இல்லையே."
21: "சுகமா? தனியா முடியலலே. அங்கன வந்துரட்டுமா? ஜெபாட்ட கேட்டுச் சொல்லு."

இருபத்தொன்றாம் தேதிதான் நான் அங்கேயே இரு என்று எழுதியது. ஜெபா வாங்கிப் படித்தாள். சின்ன அறையிலிருந்து தையல் மிஷினை வெளியே இழுக்க ஆரம்பித்தாள். "காலைல மொத பஸ்சுக்கே கெளம்புங்க."

ரேடியோவில் ஒன்றும் அனுப்பவில்லை. இதை எண்பது எழுத்தில் எப்படிச் சொல்ல?

அக்டோபர் 26, ஞாயிறு

அக்கா வீடு. பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு மைல் சகதி. மெலிந்திருக்கிறாள். காப்பி போட எழுந்தவள் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காப்பி நானே போட்டேன்.

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடக்கிறது. சேலைகள் எல்லாம் கொடியில்.

"துணியெல்லாம் எடுத்து வச்சி, பெட்டிய வாசல்ட்ட கொண்டாந்து வச்சிருந்தேன். நீ அப்படிச் சொன்ன பெறவு எடுத்துட்டேன்."

விளக்கினேன். துண்டு, ஒரு நிமிடம், நான் சேர்த்த வரி, எல்லாமே 'நீங்களும்' என்பதோடு நின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லும் சாக்கைக் கேட்பது மாதிரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"சரிலே. மிஷினுக்குத் தெரியாது. 'நீங்களும்'னு பாதில நின்னா, மீதி என்னக்கான்னு நீ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

கொடியிலிருந்து சேலைகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை. எழுந்து வரவும் இல்லை.